அச்சம் புதைத்த தாலந்து

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இருங்காட்டுக்கோட்டை நெடுஞ்சாலையோரம் நின்றால் இரண்டு வகைப் பேருந்துகளைக் காணலாம். ஒன்று, காலைப் பணிக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது; மற்றொன்று, இரவுப் பணி முடித்தவர்களை இறக்கிவிடுவது. இறங்குவோரில் சிலர் அறைக்குப் போகாமல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு நேராக ஆராதனைக்கு வருகிறார்கள். கடைசி வரிசையில் அமர்ந்து, பிரசங்கத்தின் நடுவே உறங்கியும் விடுகிறார்கள். கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் இப்பகுதியில் குடியேறிய நான், அதே ஆலயத்தில் முன்வரிசையில் அமர்பவன். அவர்களுடைய உறக்கம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. முன்வரிசையில் விழித்திருக்கும் எங்களைப் பற்றித்தான் கவலை.

திருச்சபைகளில் ஆன்மிக மெத்தனம் பெருகிவிட்டது என்பது போதகர்கள் அடிக்கடி கூறும் குற்றச்சாட்டு. ஜெபம் குறைந்துவிட்டது, வேத வாசிப்பு அருகிவிட்டது, இளைஞர்கள் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள் என்று அதற்குப் பட்டியலும் தருவார்கள். என் கருத்து சற்று வேறுபட்டது. மெத்தனம் என்பது பக்திக் குறைவால் மட்டும் வருவதன்று, அச்சத்தாலும் வருகிறது. நிறையப் பக்தியோடும், கண்ணீர் மல்கும் ஜெபத்தோடும்கூட ஒரு சபை மெத்தனமாக இருக்க முடியும்.

இந்தப் பகுதியின் கதையை முதலில் நினைவுகூர்வோம். 1996 இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 1998 இல் அதன் முதல் சான்ட்ரோ கார் விற்பனைக்கு வந்தது. 2006 இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2010 இல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிசான் ஆலை திறக்கப்பட்டது. உதிரிபாகங்கள் செய்யும் சிறு, நடுத்தர ஆலைகள் இவற்றைச் சுற்றி முளைத்தன. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிஸா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தனர். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். கடைகளின் மாடியிலும் திருமண மண்டபங்களிலும் தொடங்கிய ஆராதனைகள் காலப்போக்கில் கட்டடங்களாயின.

வளர்ச்சியோடு சேர்ந்தே அச்சமும் வளர்ந்தது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் முப்பது வயதை எட்டுமுன்பே வேலையை இழந்தனர். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டதாகப் பரவிய வதந்தியால் கலங்கிய பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்தது. தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. இவை செய்தியானவை. செய்தியாகாத அச்சம் ஒன்று உண்டு. அடுத்த மாதம் இந்த அடையாள அட்டை செல்லுமா என்னும் ஒப்பந்தத் தொழிலாளியின் அச்சம் அது.

இந்த அச்சத்தோடுதான் அவர்கள் ஆலயத்துக்கு வருகிறார்கள். அதில் கேலிக்கு இடமில்லை. ஊரையும் உறவையும் விட்டு வந்த ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லி, நூறு பேர் கண்மூடி ஜெபிப்பது சிறிய ஆறுதலன்று. அரசும் ஆலையும் தராத ஒன்றைச் சபை அவனுக்குத் தருகிறது. ஆனால், ஆறுதலுக்குப் பிறகு என்ன என்பதே கேள்வி.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எங்கள் சபைகளில் 'வாக்குத்தத்த அட்டை' தரும் வழக்கம் உண்டு. சிறு அட்டையில் அச்சிட்ட வேத வசனம். அந்த ஆண்டு முழுவதும் அது நமக்கான இறைவாக்கு. பாதுகாப்பேன், உயர்த்துவேன், பெருகச் செய்வேன் என்பன போன்ற வசனங்களே அவற்றில் இருக்கும். பல ஆண்டுகளாக என் வேதாகமத்துக்குள் சேர்த்து வைத்த அட்டைகளை ஒருநாள் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கட்டளை இல்லை. அயலானைப் பற்றியோ, கூலிக்காரனைப் பற்றியோ, அந்நியனைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

பயப்படாதே என்ற சொல் அந்த அட்டைகளில் பலமுறை வருகிறது. வேதாகமத்தில் அச்சொல் வருகிற இடங்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலும் அதைத் தொடர்ந்து ஒரு பணி வருகிறது. யோசுவாவிடம் சொல்லப்பட்டபோது கடக்க வேண்டிய ஆறு முன்னே இருந்தது. எரேமியாவிடம் சொல்லப்பட்டபோது எதிர்த்துப் பேச வேண்டிய அரசர்கள் இருந்தார்கள். கொரிந்து என்னும் வணிகத் துறைமுக நகரில் பவுலிடம் சொல்லப்பட்டபோது, மௌனமாக இராமல் பேச வேண்டும் என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டது. அட்டை அச்சிடுவோர் அந்தப் பணியைக் கத்தரித்துவிட்டு, பாதுகாப்பை மட்டும் நம் கையில் தருகிறார்கள். நாமும் அதையே விரும்பிப் பெறுகிறோம்.

இதற்குக் காப்பீட்டுப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. இழப்புக்கு முழு ஈடு கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர், இழப்பைத் தடுப்பதில் அசட்டையாகிவிடக்கூடும். வண்டிக்குக் காப்பீடு இருப்பதால் கதவைப் பூட்ட மறப்பவரைப் போல. விசுவாசம் ஒரு காப்பீட்டுப் பத்திரமாகவும், காணிக்கை அதன் தவணையாகவும் சுருங்கும்போது, ஆன்மிகத்திலும் இதே அசட்டை நுழைகிறது. என் வேலைக்கும், என் பிள்ளையின் தேர்வுக்கும், என் உடல்நலத்துக்கும் ஈடு உறுதி. அடுத்தவரின் கதவு திறந்து கிடப்பது என் கண்ணில் படுவதில்லை.

இதை வெளியிலிருந்து குற்றம் சாட்டுபவனாக நான் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், கையில் பெரிய கட்டோடு ஆராதனைக்கு வந்தார். பிரஸ் இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல்களை இழந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, கைக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். போதகர் அவரை முன்னே அழைத்தார். சபையார் அனைவரும் கை நீட்டி ஜெபித்தோம். பலர் அழுதார்கள்.

வாசலில் விசாரித்தபோது விவரம் தெரிந்தது. அறைக் கதவில் கை நசுங்கியதாக மருத்துவமனையில் சொல்லும்படி அவரை வேலைக்கு அனுப்பியவர்கள் கூறியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் வேலை நிலைக்கும் என்று உறுதியும் அளித்திருக்கிறார்கள். அவரும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

பணியிடத்தில் நேர்ந்த காயத்துக்கு ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் என்ன கிடைக்கும் என்பதை வகுப்பறையில் பல ஆண்டுகள் விளக்கியவன் நான். வேலைக்குச் செல்ல முடியாத காலத்துக்கு ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு. நிலையான ஊனத்துக்கு, உழைப்புத்திறன் இழப்பின் அளவைப் பொறுத்து வாழ்நாள் முழுதும் மாதத்தொகை. ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரானாலும் அவருக்கான பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால், இவற்றுக்கெல்லாம் வாசல் ஒன்றுதான். நடந்தது பணியிட விபத்து என்று பதிவாக வேண்டும். கதவில் நசுங்கிய கைக்கு மருத்துவம் கிடைக்கும். வாழ்நாள் மாதத்தொகை கிடைக்காது.

சபைக் குழுவில் இதை எழுப்பலாம் என்று நினைத்தேன். தொழிலாளர்களை ஒப்பந்த முறையில் ஆலைகளுக்கு அனுப்பும் தொழில் செய்யும் ஒருவர், அந்த ஆண்டு கட்டட நிதிக்குப் பெருந்தொகை கொடுத்திருந்தார். இந்த இளைஞரின் விவகாரத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆயினும், பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். "ஜெபத்தில் வைப்போம்" என்றார் ஒருவர். "சபைக்குள் தொழிற்சங்க விவகாரம் வேண்டாம்" என்றார் இன்னொருவர். இரண்டாவதாகப் பேசியவன் நான்.

அவர் வேலை போய்விடும் என்று அஞ்சிப் பொய் சொன்னார். சபை கட்டடம் நின்றுவிடும் என்று அஞ்சி மௌனம் காத்தது. குழுவில் எனக்கிருந்த மதிப்பு குறையும் என்று நான் அஞ்சினேன். மூன்று அச்சங்களில் அவருடையது மட்டுமே மன்னிக்கத்தக்கது. மற்ற இரண்டுக்கும் நாங்கள் விவேகம் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

இயேசு கூறிய தாலந்து உவமை இதைத்தான் பேசுகிறது. பயணம் புறப்படும் எஜமான் மூன்று ஊழியர்களிடம் பணத்தை ஒப்படைக்கிறார். ஒரு தாலந்து என்பது அக்காலக் கூலித் தொழிலாளியின் ஏறத்தாழ இருபது ஆண்டு ஊதியம், சிறு தொகையன்று. இருவர் அதைக் கொண்டு தொழில் செய்கிறார்கள். மூன்றாமவன் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறான். அவன் திருடவில்லை, ஊதாரித்தனம் செய்யவில்லை. அப்படியே திருப்பியும் கொடுக்கிறான். அவன் சொல்லும் காரணம், பயந்தேன் என்பதே. எஜமான் அவனைச் சோம்பேறி என்கிறார். அச்சமும் மெத்தனமும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

செல்வம் கொழிக்கும் தொழில்நகரச் சபைக்கு இந்த நோய் புதிதன்று. வெதுவெதுப்பான சபை என்று வெளிப்படுத்தின விசேஷம் கண்டிக்கும் லவோதிக்கேயா, இன்றைய துருக்கியின் டெனிஸ்லி நகருக்கு அருகே இருந்த ஊர். கருங்கம்பளி ஆடைகளுக்கும் பண மாற்றுத் தொழிலுக்கும் பெயர்பெற்றது. கி.பி. 60 வாக்கில் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது, பேரரசின் உதவியின்றித் தன் செல்வத்தாலேயே மீண்டெழுந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்கிறார். தனக்கு ஒரு குறைவும் இல்லை என்று அந்தச் சபை எண்ணியதில் வியப்பில்லை. அதன் ஊரே அப்படித்தான் எண்ணியது. சபை ஊரை மாற்றுவதற்குப் பதில், ஊர் சபையை மாற்றிவிட்டது. கார்களும் கைப்பேசிகளும் உலகெங்கும் புறப்படும் நமது நெடுஞ்சாலையோரச் சபைகளுக்கும் அந்த ஆபத்து உண்டு.

பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித், 1776 இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலின் ஐந்தாம் பகுதியில் சமயப் போதகர்களின் வருவாயைப் பற்றி ஆராய்கிறார். நிலமும் மானியமும் பெற்ற போதகர்களைவிட, மக்களின் காணிக்கையை நம்பி வாழும் போதகர்களே ஊக்கம் மிக்கவர்கள் என்பது அவர் முடிவு. பழைய சபைகளின் பள்ளிகள், கல்லூரிகள், நிலங்கள் பற்றிய வழக்குகளைப் பார்க்கும்போது அந்த முடிவின் உண்மை விளங்கும். ஆனால், இந்தத் தொழில்வழித்தடத்தில் நான் காண்பது மறுபக்கம். நிலையான வருவாய் மெத்தனத்தைத் தருகிறது என்றால், காணிக்கையை மட்டுமே நம்பும் வருவாய், பெருங்காணிக்கை தருபவரைக் குறித்த அச்சத்தைத் தருகிறது. இரண்டும் இறுதியில் ஒரே மௌனத்தில் முடிகின்றன.

அதற்கு மாற்று நம் மண்ணிலேயே இருந்தது. 1903 இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது, வெளிநாட்டுப் பணத்தைச் சாராமல் உள்ளூர் மக்களின் பொருளைக் கொண்டே அது நடக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில் முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்துவைக்கும் வழக்கம் நம் கிராமச் சபைப் பெண்களிடம் இருந்தது. பிடி அரிசி கொடுத்த நூறு பேரில் எவரையும் கண்டு போதகர் அஞ்ச வேண்டியதில்லை.

அச்சம் வெளியிலிருந்து வந்த காலத்திலும் சிலர் பேசினார்கள். 1975 இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது திருச்சபைத் தலைமைகள் பலவும் அமைதி காத்தன. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுத் தலைவராக இருந்த எம்.எம். தாமஸ் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். மார்த்தோமா சபையின் தலைவர் யூஹானோன் மார்த்தோமா பிரதமருக்கே தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். சிறுபான்மையினர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற வாதம் அன்றும் சொல்லப்பட்டதுதான். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை; இன்று சிறுபான்மைச் சமூகங்களின் அச்சத்துக்கு உண்மையான காரணங்கள் இருக்கின்றன. ஆனால், விரலிழந்த ஒருவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதை எந்த அரசும் தடுக்கவில்லை. நம்மைத் தடுத்தது நம் முன்வரிசைதான்.

ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். மும்பை ஆலைத் தொழிலாளர்களுக்கு 1890 இல் வாராந்திர ஞாயிறு விடுமுறையைப் போராடிப் பெற்றுத் தந்தவர், மகாத்மா புலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகாண்டே. ஞாயிறு, மராட்டிய மக்கள் வணங்கும் கண்டோபாவுக்கு உரிய நாள் என்பது அவர் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் கூறும்போது, நீயும் ஒருகாலத்தில் எகிப்தில் அடிமையாக இருந்தாய், ஆகையால் உன் வேலையாளும் உன்னைப்போல் ஓய்வு பெறட்டும் என்ற பொருளில் காரணம் சொல்கிறது. ஆக, ஓய்வுநாள் என்பது வழிபாட்டுச் சட்டம் மட்டுமன்று; தொழிலாளர் சட்டமும்கூட. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தம் தமிழகப் பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப்பின் மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட பத்து நாள்களில் இரண்டு ஞாயிறுகளும் இரண்டு முழுமையான ஆராதனைகளும் எங்கள் சபைக்கு இருந்தன. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசி வரிசையினர் மட்டும் வழக்கம்போல் உறங்கினார்கள்.

இந்த நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1017 இல் இராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரில் குருவிடம் மறைபொருளாகப் பெற்ற மந்திரத்தை அவர் எல்லாரும் கேட்க உரைத்தார் என்பது வைணவ மரபு. வாக்கு மீறியதால் தமக்கு நரகம் வாய்த்தாலும், கேட்ட மற்றவர்கள் உய்வார்களே என்று அவர் கருதினாராம். நான் வேறு சமயத்தவன். ஆனாலும், அந்த ஊரைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நாணம் வருகிறது. தன் மீட்பையே பணயம் வைப்பது ஒரு வகை விசுவாசம். தன் மதிப்பைக்கூடப் பணயம் வைக்கத் துணியாதது என்னுடையதாக இருந்தது.

சபை தொழிற்சங்கமாக மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆராதனை முடிந்தபின் அரை மணி நேரம், ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். சம்பளச் சீட்டு இருக்கிறதா, ஈ.எஸ்.ஐ. எண் செயல்படுகிறதா, பி.எஃப். தொகை உண்மையில் கட்டப்படுகிறதா என்று பார்த்துச் சொல்லப் படித்தவர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். விபத்து நேர்ந்தால் உண்மையைச் சொல்லும்படியும், சொன்னால் நாங்கள் உடனிருப்போம் என்றும் மேடையிலிருந்தே அறிவிக்கலாம். ஷிப்டு முறைக்கேற்ப வாரநாள் மாலையில் ஓர் ஆராதனை வைக்கலாம். கட்டட நிதியில் ஒரு பங்கை வேலையிழந்தோருக்கென ஒதுக்கலாம். வேலையிழக்கும் அச்சம் சற்றுக் குறைந்தால், உண்மை பேசும் துணிவு தானாக வரும். இவை கோயிலுக்கும் மசூதிக்கும் பொருந்தும்.

அந்த இளைஞர் மூன்று மாதங்களில் வேலையை இழந்தார். வாக்குறுதி அளித்தவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். தேடிக் கண்டுபிடிக்க நான் எடுத்த முயற்சி மிகத் தாமதமானது. அவர் கைக்காக எங்கள் சபை செய்த ஜெபம் உண்மையானதுதான். அந்த ஜெபத்துக்கான பதில், ஈ.எஸ்.ஐ. விதிகளை அறிந்த ஒரு பேராசிரியராக முன்வரிசையிலேயே அமர்ந்திருந்தது. அது எழுந்து நிற்கவில்லை.

கடந்த புத்தாண்டில் வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. வாசலருகே ஒரு மேசையைப் போட அனுமதி கேட்டேன். குழுவில் இருவர் தயங்கினார்கள், தந்துவிட்டார்கள். முதல் ஞாயிறன்று ஒருவரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறன்று, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் தன் சம்பளச் சீட்டோடு வந்து, எதிர் நாற்காலியில் அமர்ந்தார்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).